கரடி வாங்கிய கரண்டு வண்டி

ஒரு காட்டில், பலாமரங்களெல்லாம் மலை உச்சியிலும் சந்தை மட்டும் அடிவாரத்திலும் அமைந்துபோன ஒரு காட்டில், மொக்கைச்சாமி என்ற கரடி பலாப்பழ வியாபாரம் செய்து வந்தது. பதினேழு வருஷமாக முதுகுச் சுமைதான். போன பருவத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு பத்து நாள் படுத்துவிட்டது. அந்தப் பத்து நாளில் விளைச்சலில் பாதி மரத்தடியிலேயே அழுகிப்போனது.

"இந்த வருஷமும் நீ படுத்தா நாம பட்டினிதான். ஒரு லோடு வண்டி வாங்கிடுவோம்" என்றது மனைவி அங்கம்மா. "ஆறு நாள் பழம் ஏத்து. ஏழாம் நாள் என்னை அருவிக்குக் கூட்டிட்டுப் போ."

அடிவாரத்தில் சிங்காரம் என்ற நரி கரண்டு வண்டிக் கடை வைத்திருந்தது. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் சரக்கு ஏற்ற இடம், விலையும் கைக்கு எட்டுகிற விலை. ஆனாலும் எட்டு வண்டிகளும் தூசி படிந்து நின்றன.

ஓட்டிப் பார்க்கவே நாலு பக்கப் படிவம். 'உரோமத்தின் நிறம்' என்ற இடத்தில் 'கருப்பு' என்றும், 'மழைக்காலத்தில்' என்ற இடத்தில் 'நனைந்த கருப்பு' என்றும் மொக்கைச்சாமி எழுதிக் கொடுத்தது. டயரை உதைத்துப் பார்த்தது. பின்னால் ஏறிக் குதித்தும் பார்த்தது.

"அண்ணே, உள்ளதைச் சொல்லிடறேன்" என்றது நரி. "சமதரையில நூறு கிலோமீட்டர் ஓடும். சுமையோட மலை ஏறினா நாப்பதைத் தாண்டாது. ரேடியோ கிடையாது. கண்ணாடியைக் கையாலதான் சுத்தணும்."

கரடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நரி தன் சரக்கைத் தானே குறை சொல்கிறதா?

"நல்லதுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. சுமையோட மலை இறங்கினா பேட்டரியில தானா சார்ஜ் ஏறும்."

கரடி மனைவியை ஓரமாக இழுத்துப் போனது. "கேட்டியா? இறங்கினா சார்ஜ் ஏறுமாம்! நடந்தா வயிறு நிறையும்ங்கிற மாதிரியில்ல இருக்கு!"

"எனக்கென்னவோ அது நெசம் பேசற மாதிரிதான் தெரியுது."

"நரி எந்தக் காலத்துல நெசம் பேசிச்சு? வண்டியை வேற யாருக்கோ ஒதுக்கி வச்சிருக்கு, அதான் நம்மளை விரட்டுது. நாப்பதுன்னு சொன்னா எண்பதுன்னு எடுத்துக்கணும்."

அங்கம்மா அதற்குள் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றது. வண்டியை வாங்கிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முப்பது பழங்களோடு இருவரும் மலை இறங்கினார்கள். உச்சியில் ஆறு கோடு காட்டிய பேட்டரி அடிவாரத்தில் ஏழு கோடு காட்டியது.

"மீட்டர்லயும் தில்லுமுல்லு" என்று கரடி அதைத் தட்டிப் பார்த்தது.

உச்சிவெயிலுக்கு முன்பே பழமெல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஒன்றுகூட அழுகவில்லை, இடுப்பும் வலிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மொக்கைச்சாமி, "மேல போற சரக்கு இருந்தா ஏத்துங்கப்பா!" என்று கூவிவிட்டது. முள்ளம்பன்றி ஆறு மூட்டை சிமெண்டு ஏற்றியது. குரங்கு ஓர் இரும்பு பீரோவை ஏற்றியது.

"சார்ஜ் போட்டுட்டுப் போவோம்யா" என்றது அங்கம்மா.

இருந்த ஒரே சார்ஜ் கம்பத்தில் இருபது குரங்குகள் செல்போனோடு வரிசையில் நின்றன. "எண்பது ஓடற வண்டிக்கு வரிசை எதுக்கு?" என்று கரடி கிளம்பிவிட்டது.

பதினோராவது கொண்டை ஊசி வளைவில் வண்டி முக்கியது, முனகியது, நின்றது. பிறகு மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியது. பின்னால் பள்ளம். உள்ளே அங்கம்மா. கரடி குதித்து இறங்கி, பீரோவும் சிமெண்டுமாக இருந்த அந்த வண்டிக்குத் தன் முதுகைக் கொடுத்தது. அங்கம்மா தாவி இறங்கி டயருக்குக் கல் வைப்பதற்குள் கரடிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

போன் போட்டதும் நரி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தது. "பதறாதீங்கண்ணே. திருப்பி இறக்கத்துல விடுங்க, கொஞ்சம் ஏறிடும். கீழ முழுசா சார்ஜ் போட்டு, பாதிச் சுமையோட வாங்க."

அடிவாரம் போவதற்குள் ஒரு கோடு ஏறியிருந்தது. மொக்கைச்சாமிக்கு வெட்கமாகிவிட்டது. "நெசமாவே ஏறுதே!"

"அன்னிக்கே சொன்னேனே அண்ணே."

"சொன்னீங்க. ஆனா நீங்க நரியாச்சே!"

நரிக்குக் கண் கலங்கியது. "ஒரு வருஷமா உண்மையைத்தான் சொல்றேன். வித்தது உங்க வண்டி ஒண்ணுதான்."

கரடிக்குப் பாவமாக இருந்தது. தோளில் கை போட்டுச் சொன்னது: "தப்பு உங்க மேலதான் தம்பி. நரி பேச்சுல இவ்வளவு கழிக்கணும்னு காட்டுல ஒரு வழக்கம் இருக்கு. நீங்க கழிக்கறதுக்கு ஒண்ணுமே வைக்கலியே!"

மறுநாள் ஒரு காட்டெருமை விசாரிக்க வந்தது. சிங்காரம் மீசையை முறுக்கிக்கொண்டது. "சுமையோட மலை ஏறினாலும் இருநூறு கிலோமீட்டர்! ஆத்துல விட்டா நீந்தும்!"

காட்டெருமை விஷமமாகச் சிரித்தது. "நரி சொல்றதுல அஞ்சுல ஒண்ணுதான் தேறும். நாப்பது ஓடும். எனக்கு அது போதும்" என்று சொல்லி, ஏமாறாமல் தப்பித்த பெருமையோடு வாங்கிப் போனது. ஒரே வாரத்தில் மீதி வண்டிகளும் விற்றுத் தீர்ந்தன. ஒன்றுகூட வழியில் நிற்கவில்லை.

நீதி: உண்மையை அப்படியே சொல்கிறவன் ஊரை ஏமாற்றுகிறான், ஊர் எவ்வளவு கழிக்கும் என்று தெரிந்து பொய் சொல்கிறவனே யோக்கியன்.