பஞ்சுப் பனி ஒட்டிய பலகை

தெர்மாகோலில் விழுந்த ஓட்டை முதலில் உளுந்துவடையின் நடு ஓட்டை அளவுக்குத்தான் இருந்தது. அதை மறைக்க வைத்தியலிங்கம் இன்னும் கொஞ்சம் தங்க நிற ஸ்பிரே அடித்தார். ஓட்டை வடை அளவுக்கு வளர்ந்தது.

"ஏங்க, அது கரையுதுங்க," என்றாள் மங்களாம்பிகை.

"கரையலை. பெயிண்ட் உள்ள இறங்குது. அப்பத்தான் பிடிப்பு நல்லாருக்கும்."

"இங்கேருந்து பாத்தா தரை தெரியுதே?"

வைத்தியலிங்கம் குனிந்து பார்த்தார். தெரிந்தது. ஸ்பிரே டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தார்.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலை ஒன்பது மணி. சாயங்காலத்துக்குள் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துப் பலகை செய்து பக்கத்து வீட்டுச் செல்லதுரையிடம் கொடுத்தாக வேண்டும். ஒரு தெர்மாகோல் அட்டை, ஒரு பொட்டலம் பஞ்சு, ஜிகினாத் தாள், மைதா மாவு, வாசல் கேட்டுக்கு அடித்தது போக மீந்த தங்க ஸ்பிரே. இவ்வளவுதான் சாமான்.

"ஃபேன்சி ஸ்டோர்ல விதவிதமா நட்சத்திரம் தொங்குது. ஒண்ண வாங்கிக் குடுத்துட்டு வாங்களேன்."

"கடையில வாங்கினா அது பரிசு, மங்களம். நான் பண்றது மன்னிப்பு."

மங்களாம்பிகை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். வைத்தியலிங்கம் பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருடம் வாய்க்கால் தண்ணீரைப் பங்கு பிரித்துக் கொடுத்தவர். எந்த மதகை எப்போது திறப்பது, எவன் வயல் தண்ணீர் எவன் வடிகாலில் விழலாம் என்று ஊர் ஊராகப் பஞ்சாயத்து செய்தவர். அப்பேர்ப்பட்டவர், தஞ்சாவூரில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு, இந்த ஐப்பசி மழைக்கு முன்னால் தன் வாசலில் நாலு டிராக்டர் மண்ணடித்து மேடாக்கினார். முதல் மழையில் அவர் வாசல் காய்ந்து கிடந்தது. செல்லதுரை வீட்டு வாசலில் நாற்று நடலாம் போல இருந்தது.

செல்லதுரை கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசாதவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலோரமாக வந்து, "சார், தண்ணி கொஞ்சம் எங்க பக்கம் வருது," என்றார்.

"தண்ணி என்னையக் கேட்டுக்கிட்டா சார் ஓடுது? பள்ளத்துல வீட்டக் கட்டினா அப்படித்தான்," என்றார் வைத்தியலிங்கம்.

திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். செல்லதுரை ஒன்றுமே சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீரை இறைக்கப் போனார். அந்த வாளிச் சத்தம் இரண்டு மாதமாக வைத்தியலிங்கத்தின் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தையும் இல்லை.

இப்போது கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. செல்லதுரை குடிவந்த மூன்று வருடமும் கிறிஸ்துமஸ் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றவர் வைத்தியலிங்கம்தான். முதல் வருடம் ஆறு மணிக்கே கேட்டைத் தட்டி, "ஹேப்பி கிறிஸ்துமஸ் சார்! கேக் எங்க சார்?" என்று உரிமையோடு கேட்டார். செல்லதுரையும் அவர் மனைவி ஜெபமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று வைத்தியலிங்கம் நினைத்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் கேக் வந்தது. அடுத்தடுத்த வருடங்களில் கேட்காமலே வந்தது. இந்த வருடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு போவது?

அப்போதுதான் அவருக்கு ஆரோக்கியசாமி ஞாபகம் வந்தார்.

வைத்தியலிங்கத்தின் சிறுவயதில், திருக்காட்டுப்பள்ளியில் பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஆரோக்கியசாமி. டிசம்பர் பிறந்தால் அவர் தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பலகை செய்வார். மைதா பசை காய்ச்சுகிற வாசனை தெரு முழுக்க வரும். அட்டையில் ஜிகினா எழுத்து ஒட்டி, எழுத்துக்கு மேலே பஞ்சைப் பிய்த்து வைத்துப் பனி விழுந்த மாதிரி செய்வார். தெருவில் யாரும் பனிக்கட்டியைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அது பனிதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பஞ்சு பிய்த்துக் கொடுப்பது வைத்தியின் வேலை. புருவமெல்லாம் பஞ்சோடு வீடு திரும்பினால் அம்மா கண்டுகொள்ள மாட்டாள். அந்தப் பத்து நாளும் ஆரோக்கியசாமி அவனை 'வாப்பா, மேஸ்திரி' என்றுதான் கூப்பிடுவார். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அவரைச் சார் என்றார்கள். மேஸ்திரியில் இருந்த சுகம் எதிலும் இல்லை.

அந்தச் சுகத்தில்தான் இப்போது ஓட்டை விழுந்திருந்தது.

"ஓட்டை மேல பஞ்ச வச்சு மூடிடலாம். பனி ஒரு இடத்துல ஜாஸ்தியா பெஞ்சிருக்குன்னு நினைச்சுக்குவாங்க," என்றார்.

மைதா பசை தயாரானது. ஓட்டையை அடைத்து, ஜிகினாத் தாளில் வெட்டிய 'கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்' ஒட்டி, மேலே பஞ்சு வைத்தார். பசை கொஞ்சம் தண்ணீராகிவிட்டதால் பஞ்செல்லாம் நனைந்து, பார்க்க ஆறிப்போன இட்லி மாதிரி இருந்தது.

வீட்டு வேலைக்கு வந்த கண்ணாத்தாள் விளக்குமாற்றோடு நின்று பார்த்தாள். இரண்டு வீட்டுக்கும் அவள்தான் வேலை செய்கிறாள்.

"என்னங்கய்யா இது?"

"வாத்தியார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் போர்டு."

"அவங்க வீட்டுக்கா? அய்யா, அவங்க வந்து…"

"அவங்க கோவமாத்தான் இருப்பாங்க. எனக்குத் தெரியும். நீ போய் அங்க மூச்சு விடாத."

கண்ணாத்தாள் மூச்சு விடாமல் கூட்டப் போனாள்.

பலகையை வெயிலில் காயவைக்க வாசல் மதிலில் சாய்த்துவிட்டு, வைத்தியலிங்கம் காபி குடிக்க உள்ளே போனார். காபி பாதி டம்ளர் இறங்குவதற்குள் வெளியே ஏதோ கிழிகிற சத்தம்.

ஆடு.

தெருவில் மேய்கிற வெள்ளாடு ஒன்று 'நல்வாழ்த்துகள்' முழுவதையும் தின்று முடித்து, 'கிறிஸ்துமஸ்' பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சுவரொட்டி தின்று வளர்ந்த தஞ்சாவூர் ஆட்டுக்கு மைதா பசை என்பது கல்யாணச் சாப்பாடு. வைத்தியலிங்கம் ஓடி வந்து துரத்த, ஆடு வாயில் இருந்த பஞ்சோடு அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாக நடந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஆரோக்கியசாமி பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். பூச்சியும் ஆடுமாடும் வாய் வைக்காமலிருக்க.

"மேஸ்திரிக்கு அது மறந்துபோச்சு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அறுபத்துமூன்று வயது மனிதருக்கு ஒரு ஆட்டினால் கண் கலங்கியது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மங்களாம்பிகை பார்த்தாள். உள்ளே போய், பரணிலிருந்து ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியையும் கொலு சாமான் மூட்டையையும் இறக்கினாள்.

"எந்திரிங்க. நான் எழுத்து வெட்டுறேன். நீங்க பஞ்சப் பிய்ங்க."

அட்டையில் புது எழுத்து ஏறியது. கொலுவுக்கு வாங்கிய பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் மேலே ஏறியது. நவராத்திரி சீரியல் லைட்டு சுற்றிலும் ஏறியது. பசையை இந்தத் தடவை கெட்டியாகக் காய்ச்சினார்கள். வைத்தியலிங்கம் தள்ளி நின்று பார்த்தார். கிறிஸ்துமஸ் பலகை மாரியம்மன் கோயில் திருவிழா வளைவு மாதிரி இருந்தது. பரவாயில்லை, எழுத்து தெளிவாக இருக்கிறது என்று தேற்றிக்கொண்டு கை கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது பலகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள் மங்களாம்பிகை.

"அய்யோ! என்ன பண்ணி வச்சிருக்க?"

"புதுசா ஒரு சாமான் செஞ்சா பொட்டு வைக்காம எப்படிங்க வெளிய அனுப்புறது?" அவள் குரலில் நியாயமான வியப்பு.

"இது ஏசுவுக்கு, மங்களம்!"

"அவருக்கு மட்டும் மங்களகரமா இருக்க வேணாமா?"

ஈரத்துணியால் துடைத்தார். குங்குமம் போகவில்லை, பரவியது. நாலு மூலையிலும் யாரோ அடிபட்ட மாதிரி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் மிச்சமிருந்த பஞ்சையெல்லாம் நாலு மூலையிலும் அப்பினார். இப்போது அடிபட்ட இடத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

மணி ஐந்து. இனி திருத்த நேரமுமில்லை, பஞ்சுமில்லை. வைத்தியலிங்கம் வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தான் மண்ணடித்த மேட்டிலிருந்து செல்லதுரை வீட்டுப் பள்ளத்தில் இறங்கினார்.

செல்லதுரை கதவைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற ஜெபமணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார்," என்றார் வைத்தியலிங்கம். மனப்பாடம் செய்து வந்தது எல்லாம் போய்விட்டது. "அன்னைக்கு நான் பேசினது தப்பு. தண்ணி ஓடுறதப் பத்தி எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் பண்ணினேன். நாளைக்கு மறுநாள் ஆள் விட்டு மண்ண எடுத்துடறேன். இது… நானே செஞ்சது. சரியா வரலை."

செல்லதுரை வைத்தியலிங்கத்தின் விரல்களில் ஒட்டியிருந்த தங்கப் பெயிண்டையும், புருவத்தில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தார்.

"உங்க கையால செஞ்சீங்களா சார்?" என்றார். "குடுங்க."

உள்ளே போய் ஸ்டூலும் கம்பியும் கொண்டுவந்து, கேட்டின் மேலே தானே ஏறிக் கட்டினார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. வீட்டு ஜெபத்துக்குச் சபையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். எல்லோரும் வெள்ளை உடை. முன்னால் வந்த பாஸ்டர் பலகையைப் பார்த்து அப்படியே நின்றார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

தன் கைவேலையைப் பார்த்து மலைத்துவிட்டார்கள் என்று வைத்தியலிங்கத்துக்குப் பூரித்துப் போயிற்று. "வாங்க, வாங்க! ஹேப்பி கிறிஸ்துமஸ்!" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார்.

"ஸ்தோத்திரம்," என்றார்கள் அவர்கள் தயக்கத்தோடு.

செல்லதுரை ஸ்டூலிலிருந்து இறங்கினார். "பக்கத்து வீட்டு சார், பாஸ்டர். இன்னைக்குப் பூரா உக்காந்து எனக்காகச் செஞ்சு கொண்டாந்திருக்காரு. இது இங்கதான் இருக்கும்," என்றார். அதிர்ந்து பேசாதவர் கடைசி வார்த்தையை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

பாஸ்டர் பலகையை ஒரு தடவை, வைத்தியலிங்கத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரித்தார். "நல்லாருக்குங்க," என்றார்.

வைத்தியலிங்கம் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். "மங்களம், அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கட்டினாரு! சபை ஆளுங்கல்லாம் வாயடைச்சு நின்னுட்டாங்க!" சின்ன வயதில் பஞ்சோடு வீடு திரும்பிய அதே சந்தோஷம், ஐம்பத்தைந்து வருடம் கழித்து, அப்படியே திரும்பக் கிடைத்திருந்தது. அவர் அதை வெளியே சொல்லவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

ஜெபக்காரர்களுக்குக் காபி கொடுத்து முடித்துவிட்டுக் கண்ணாத்தாள் பின்வாசல் வழியாக வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன கண்ணாத்தா, நாளைக்கு அங்க கிறிஸ்துமஸ் வேலை நிறைய இருக்குமே?" என்றாள் மங்களாம்பிகை.

"ஒரு வேலையும் இல்லம்மா. அவங்க சபையில கிறிஸ்மஸ் கொண்டாடுற வழக்கமே கெடையாது. நம்ம அய்யா மனசு வாடக்கூடாதுன்னுதான் பாவம், அவங்க வருசா வருசம் கொண்டாடிக்கிட்டு இருக்காங்க."