பனியாற்றுக்கு இருவர் மட்டும்

மனித குலம் இயற்கையிடமிருந்து இதுவரை ஒன்றும் கற்றுக்கொள்ளாததற்கு ஒரே காரணம் குரூப் டூர்தான் என்று கிருஷ்ணசாமி அறிவித்தபோது, அவருடைய வலது கை விக்னராஜா வீட்டு இடியாப்பத்தில் இருந்தது.

"பனியாறுன்னா என்ன? பத்தாயிரம் வருஷ மௌனம். அதுக்கு முன்னாடி மஞ்ச டீ-ஷர்ட்ல ஒரு கூட்டம் நின்னு செல்ஃபி எடுத்தா, பாவம், உருகாம என்ன செய்யும்?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மஞ்சள் டீ-ஷர்ட், வீட்டுக்காரர் விக்னராஜாவின் ஏற்பாடு. அவர்கள் வசிக்கும் கெல்லிவில் பகுதித் தமிழ்க் குடும்பங்களை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது அழைத்துப் போவார். எல்லாருக்கும் ஒரே மஞ்சளில் டீ-ஷர்ட் அடித்து, முதுகில் தன் போன் நம்பரையும் போட்டுவிடுவார். போன வருடம் டாஸ்மேனியா போனபோது கிருஷ்ணசாமி அதைத் தொடவே மறுத்துவிட்டார். "தொலைஞ்சா கொண்டுவந்து விடறதுக்கு நான் என்ன லாப்ரடாரா?" என்று கேட்டார்.

ஆனால் டாஸ்மேனியா முழுக்க பஸ்ஸின் மைக் அவர் கையில்தான் இருந்தது. கவுன்சிலில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வழியில் தென்பட்ட ஒவ்வொரு பாறைக்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது. பஸ்ஸில் அப்படியொரு அமைதி நிலவியதை அவர் இன்றும் பெருமையோடு நினைத்துக்கொள்வார். சிலர் கண்ணை மூடிக்கொண்டுகூடக் கேட்டார்கள்.

"அதனாலதான் ஜூன்ல நானும் வைதேகியும் அலாஸ்கா போறோம். முதல் தடவையா கப்பல். ரெண்டே பேர்," என்று முடித்தார்.

"அலாஸ்காவோ?" என்றார் விக்னராஜா. "நாங்களும் அதைத்தான் அண்ணை யோசிச்சனாங்கள். வாங்கோவன், எல்லாரும் சேர்ந்து போவம்."

விருந்துகளில் "வாங்களேன்" என்பது சொல்லப்பட வேண்டிய ஒன்று. "கண்டிப்பா" என்பது பதிலுக்குச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. தட்டுகளைக் கழுவும்போது இரண்டும் சேர்ந்தே கழுவப்பட்டுவிடும். இந்த நம்பிக்கையில் கிருஷ்ணசாமி மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "கண்டிப்பா. அதைவிட சந்தோஷம் வேற என்ன இருக்கு?"

காரில் ஏறியதும் வைதேகி கேட்டார். "ஏங்க, எதுக்குக் கண்டிப்பான்னு சொன்னீங்க?"

"இடியாப்பத்துல கையை வச்சுக்கிட்டு வேற என்ன சொல்றது?"

"கூட்டமே வேண்டாம்னு அவ்வளவு நேரம் பேசினீங்களே."

"அது கொள்கை. இது மரியாதை." கிருஷ்ணசாமியின் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ கவலைப்படாத. கொடைக்கானல் கதை மறுபடி நடக்காது."

கொடைக்கானல், அவர்களுடைய தேனிலவு. வேன் நிறைய அத்தை, மாமா, அவர்கள் பிள்ளைகள். தூண்பாறையை மூடியிருந்த பனி ஒரே ஒருமுறை விலகியது. மூடுபனி எப்படி உருவாகிறது என்று கிருஷ்ணசாமி வேனுக்கே விளக்கி முடிப்பதற்குள் திரும்பவும் மூடிக்கொண்டது. வைதேகி தூண்பாறையை இன்றுவரை பார்த்ததில்லை. "ஒரு தடவையாவது ஒரு இடத்தை நான் அமைதியா பார்க்கணும்," என்று அன்று அவர் சொன்னது முப்பது வருடமாகக் கிருஷ்ணசாமியின் மனதில் கிடந்து உறுத்தியது. அந்தக் கூட்டத்தை அவர் மன்னிக்கவே இல்லை.

இரண்டாம் நாளே விக்னராஜா போன் செய்தார்.

"அண்ணை, நீங்கள் கண்டிப்பா எண்டு சொன்னனீங்கள்தானே. உங்கட கப்பலிலயே எங்களுக்கும் எட்டுக் கேபின் போட்டாச்சு. பதினாறு பேர்."

கிருஷ்ணசாமி அன்று மத்தியானமே வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் பயண முகவர் ஹரிப்பிரியாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஜூலைக்கு மாத்தணும்மா."

"ஏன் அங்கிள்?"

"ஜூன்ல பனியாறு அவ்வளவு விசேஷமில்ல."

"ஜூலைல பால்கனி கேபின் இல்லையே அங்கிள். ஜன்னல்தான் இருக்கு."

"ஜன்னல் போதும். பார்க்கறது கண்ணு, பால்கனி இல்ல."

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னார். வைதேகி போனில் எதையோ தட்டிக்கொண்டே, "உங்க இஷ்டம்," என்றார்.

மறுநாள் காலை விக்னராஜா. "அண்ணை, சந்தோஷமான விசயம். நாங்களும் ஜூலைக்கு மாத்திட்டம். பிள்ளையளுக்கும் லீவு."

கிருஷ்ணசாமி நேராக ஹரிப்பிரியாவிடம் போய், ஒருவர் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்வது தொழில் தர்மமா என்று கேட்டார். அவள் திகைத்துப் போனாள். "நான் யார்கிட்டயும் மூச்சுவிடல அங்கிள். சத்தியமா."

அவள் கண்ணில் பொய் இல்லை. அப்படியென்றால் ஒரே விளக்கம்தான் உண்டு. அந்தப் பதினாறு பேருக்கும் அவர் இல்லாமல் ஒரு பாறையைக்கூடப் புரிந்துகொள்ள முடியவில்லை. அவர்களைப் பழக்கப்படுத்தியது அவர்தான். இந்த எண்ணம் அவருக்குத் தந்த எரிச்சலில் கொஞ்சம் இனிப்பும் இருந்தது.

அடுத்து ஆகஸ்ட்டில் ஒரு சின்னக் கப்பல். நீச்சல்குளம் கிடையாது, பாட்டுக் கச்சேரி கிடையாது. எந்தத் தமிழ்க் குடும்பமும் எட்டிப்பார்க்காது என்று தேர்ந்தெடுத்தார். ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்கும் என்று ஹரிப்பிரியா எச்சரித்தாள்.

"படகும் பார்க்க வேண்டிய பொருள்தான்," என்றார்.

"சின்னக் கப்பல்தான் நல்லம் எண்டு என்ர மனுசி கமலினியும் சொல்லுறா," என்றார் விக்னராஜா, அந்த வெள்ளிக்கிழமை.

இனி ஒரே வழி, பயணமே இல்லையென்று சொல்லிவிடுவது. கிருஷ்ணசாமிக்குக் கடும் தலைச்சுற்றல் என்றும், கப்பல் என்ற வார்த்தையையே டாக்டர் தடை செய்துவிட்டார் என்றும் கெல்லிவில் முழுக்க அறிவிக்கப்பட்டது. கையோடு, செப்டம்பரில் அந்த சீசனின் கடைசிக் கப்பலில் இரகசியமாக ஒரு கேபின் போட்டார்.

"இதுல ஜன்னலே இல்ல அங்கிள்," என்றாள் ஹரிப்பிரியா சோர்ந்துபோய். "சுவத்துல ஒரு ஜன்னல் படம் மாட்டியிருப்பாங்க. மழையும் குளிரும் வேற இருக்கும்."

"மௌனத்துக்கு ஜன்னல் எதுக்கும்மா?"

அன்று மாலையே விக்னராஜாவும் கமலினியும் ஒரு போத்தல் இஞ்சித் தேனோடு நலம் விசாரிக்க வந்துவிட்டார்கள். கிருஷ்ணசாமி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சோபாவில் சரிந்தார்.

"நிண்டா சுத்துதோ, கதிரையில இருந்தா சுத்துதோ?" என்று அக்கறையாகக் கேட்டார் விக்னராஜா.

"ரெண்டுலயும்."

"இடப்பக்கமாவோ, வலப்பக்கமாவோ?"

கிருஷ்ணசாமி யோசித்தார். "காலையில இடப்பக்கம். சாயங்காலம் மாறிடும்."

கமலினிக்குத் திடீரென்று இருமல் வந்தது. வைதேகி அவரைத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு அழைத்துப் போனார். இருமல் நீண்ட நேரம் நீடித்தது.

"அப்ப நீங்கள் வரேல்லை," என்றார் விக்னராஜா, மிகுந்த துக்கத்தோடு. "என்ன செய்யிறது. ஐஸை நாங்கள் விளக்கம் இல்லாமலே பாக்க வேண்டியதுதான்."

அவர்கள் போனதும் கிருஷ்ணசாமி போர்வையை உதறிவிட்டு எழுந்தார். வெற்றி. வாரம் முழுக்கப் போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பனியாறுகளைப் பற்றித் தான் படித்ததையெல்லாம் வைதேகிக்குச் சொல்ல ஆரம்பித்தார். பனி அடுக்கடுக்காக விழுந்து, அழுந்தி, கட்டியாகி, தன் கனத்தாலேயே நகரும் விதத்தை விளக்கினார். ஐஸ் ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதற்கு வந்தபோது, வைதேகியின் காதில் இயர்போன் இருப்பதைக் கவனித்தார்.

"எவ்வளவு நேரமா இருக்கு அது?"

"பனி விழுந்ததுலேர்ந்து," என்றார் வைதேகி.

செப்டம்பர் கப்பலில் போகிறவர்களுக்கான விளக்கக் கூட்டம், பாரமட்டாவில் ஒரு சின்ன மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் நடந்தது. ஹரிப்பிரியாவோடு இன்னும் சில முகவர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். நாற்காலிகளில் கிருஷ்ணசாமிக்குத் தெரியாத முகங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரத் தாத்தாவிடம், பனியாறு நிற்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தார். தாத்தா புன்னகைத்து, எழுந்து, டீ எடுக்கப் போனார். டீயோடு வேறொரு வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

கிருஷ்ணசாமிக்கு முதல்முறையாக அந்தக் கப்பல் கண்முன் தெரிந்தது. ஜன்னல் இல்லாத அறை. சுவரில் ஜன்னல் படம். இயர்போன் மாட்டிய மனைவி. வெளியே மாபெரும் பனியாறு ஒன்று இடிந்து விழுகிறது. அது ஏன் விழுகிறது என்று கேட்க ஒரு நாதி இல்லை.

அப்போது கதவு திறந்தது. மஞ்சள் நிறம் உள்ளே வந்தது. ஒன்று, இரண்டு, வரிசையாகப் பதினாறு.

கிருஷ்ணசாமி தலையைக் குனிந்து மறைந்துகொள்ளத்தான் நினைத்தார். உடம்பு கேட்கவில்லை. எழுந்து நின்று கையசைத்தது. நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு, இத்தனை நாளாக அங்கேயே வாடகைக்கு இருந்ததுபோல, மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறியது.

"தலைச்சுத்து எப்பிடி அண்ணை?" என்று கேட்டார் விக்னராஜா, துளியும் வியப்பில்லாமல்.

"செப்டம்பர்ல சுத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"நல்ல டொக்டர்," என்றார் விக்னராஜா. "அது கிடக்கட்டும், ஐஸ் ஏன் நீலமா இருக்குது? எங்களுக்குச் சொல்லுங்கோ."

பதினாறு பேரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வைதேகி நாலு வரிசை தள்ளிப் போய், திரையில் ஓடிய பனியாற்றுப் படத்துக்கு நேரே அமர்ந்தார். இயர்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியைக் கிருஷ்ணசாமி கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை.

பேச்சைத் தொடங்குவதற்கு முன் கிருஷ்ணசாமி ஒரு கணம் தயங்கினார். விக்னராஜாவின் மகள் மேனுகா மடியில் ஒரு பையோடு பக்கத்தில் இருந்தாள். அவள் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "எக்ஸெல் சைஸ் ஏதாவது மிச்சம் இருக்காம்மா?" என்றார்.

மேனுகா பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். தைத்து வைத்ததுபோல் பொருந்தியது. முதுகில் விக்னராஜாவின் நம்பர் பளிச்சென்று இருந்தது.

"கரெக்டா இருக்கே," என்றார் வியந்துபோய்.

"வைதேகி அன்ரிதான் சைஸ் சொன்னவா அங்கிள்," என்றாள் மேனுகா. "ஒவ்வொரு தரமும் நீங்கள் எந்தக் கப்பலுக்கு மாத்தினனீங்கள் எண்டு அம்மாக்கு மெசேஜ் போட்டதும் அவாதான். உங்கட கதையைக் கேக்கப் பதினாறு பேர் இருந்தாத்தானாம் தனக்கு ஐஸைப் பாக்கக் கிடைக்கும்."