ரகுநாத்தின் கட்டைவிரல்

ரகுநாத்தின் கட்டைவிரலை யாரென்றே தெரியாது என்று அவன் போன் சாதித்தது. வைத்தான், எடுத்தான், ஊதினான், மறுபடி வைத்தான். ஊஹூம். பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்காணல். அதற்கான லிங்க் மெயிலில் இருக்கிறது, மெயில் போனுக்குள் இருக்கிறது, போனோ பூட்டிக் கிடக்கிறது.

சாதாரண நேர்காணலா அது? புதுக்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுப்பவன் ரகுநாத். அதன் கிளையை அவன் ஊரான கீரமங்கலத்திலேயே, வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் திறக்கப் போகிறார்கள். பொறுப்பாளர் வேலை கிடைத்துவிட்டால், விடிந்தும் விடியாமல் பஸ்ஸுக்கு ஓடுகிற பிழைப்பு ஒழியும்.

கெடுத்தது சானிடைசர். ஓர் ஆளைத் தொட்டால் ஒரு தரம் பூசுவது வேலைக்கு நியாயம். அவனோ பஸ் கம்பியைத் தொட்டாலும் பூசுவான், சொந்த வீட்டுக் கதவைத் தொட்டாலும் பூசுவான். தோலில் இருந்த எண்ணெய்ப் பசையெல்லாம் போய், கை வறண்டு வெடித்து, விரல் நுனி வெங்காயச் சருகாய் உரிந்தது. ரசம் சோறு பிசைந்தால் கண்ணில் தண்ணீர் வரும். தோல் டாக்டர் கிரீம் எழுதிக் கொடுத்தார். தடவினான். பிசுபிசுக்கிறதே என்று அதன் மேலும் சானிடைசர் பூசினான். இந்த மனுஷனை என்ன செய்வது?

ரகசிய எண்ணைப் போட்டுத் திறக்கலாம்தான். அது போனை அமைத்துக் கொடுத்த மகள் இலக்கியாவுக்கு மட்டுமே தெரியும். அவள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். என் விரல்தான் சாவி, வேறு எவனாலும் திறக்க முடியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவனுக்கு நம்பர் எதற்கு?

"இங்கிட்டுக் குடுங்க, தொடச்சுத் தாரேன்" என்று மனைவி சுகுணா கை நீட்டினாள்.

எதையாவது அமுக்கித் தொலைப்பாள் என்று அவன் கொடுக்கவில்லை. விரல் சுத்தமாக இல்லையோ என்று இன்னும் கொஞ்சம் சானிடைசர் விட்டுத் தேய்த்தான். சுரீரென்றது. போன் அசையவில்லை.

சுகுணா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாள். விரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. எண்ணெய் போகப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டுத் தேய்த்தான், எரிச்சலில் குதித்தான்.

அரிமளத்திலிருந்து வந்திருந்த மாமியார் கண்ணாத்தாள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். கல்யாணமான நாளாய் மாப்பிள்ளையிடம் அவள் நேருக்கு நேர் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வாள், அது அவன் காதில் விழும். பவுடர் போட்டுப் பார்க்கச் சொல்லடி என்றாள். மிச்சமிருந்த எண்ணெயில் பவுடர் குழைந்து பசையானது.

"போனை வச்சுட்டுக் கொல்லைக் கொழாயில போயி நல்லாக் கழுவிட்டு வாங்க" என்றாள் சுகுணா.

போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே போய்க் கழுவினான் புண்ணியவான். அப்படி என்ன அதில் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறீர்கள் என்று அவள் சண்டைக்கே வந்துவிட்டாள்.

மணி பதினொன்றை நெருங்கியது. ரகுநாத் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "போச்சு சுகுணா, எல்லாம் போச்சு" என்றான். போனை மேசையில் போட்டான்.

அப்போதுதான் கண்ணாத்தாள் வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போனை எடுத்துத் தன் கட்டைவிரலை வைத்தாள். போன் பட்டென்று திறந்தது.

ஏன், எப்படி என்று கேட்க நேரமில்லை. ரகுநாத் பாய்ந்து போனை வாங்கி நேர்காணலில் சேர்ந்தான். முடிந்து அறையை விட்டு வந்தபோது, வேலை அவனுக்குத்தான் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். அப்பாடா! இனி விடிகாலை பஸ் இல்லை. கோபம் வருவதாவது? அவன் குளிக்கிற நேரத்தில் சீரியல் பார்ப்பதற்காகப் பேத்தியிடம் சொல்லித் தன் ரேகையையும் பதிந்து வைத்திருந்ததாக மாமியார் கதவுக்குப் பின்னாலிருந்து ஒப்புக்கொண்டதும், "நல்லாப் பாருங்க அத்தை" என்று வாய்விட்டுச் சிரித்தான்.

சுகுணாதான் விடவில்லை. "மொதல்லயே தொறந்து குடுத்துருக்கலாம்ல ஆத்தா? மனுசன் எப்படித் தவிச்சுப் போனாரு?"

"ஒன் வெரலையுந்தானடி அந்தப் புள்ள பதிஞ்சு குடுத்துச்சு" என்றாள் கண்ணாத்தாள். "எப்படியாச்சும் போனை வாங்கி நீயே தொறந்துருவேன்னுல்ல இம்புட்டு நேரமும் பாத்துக்கிட்டு நின்னேன்."