சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் குறித்து மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் வாயால் சொல்லி, எங்கள் கூடத்தில் கணக்கு ஆராய்கிற பொண்ணு ஜன்னலம்மா கையால் எழுதும் கடிதம். இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் முழங்கால் உட்பட நலமாயிருக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கணித ஆராய்ச்சிக் கூடத்துக்கு அரசாங்க நிதியைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று பார்க்கப் போன செவ்வாய்க்கிழமை உங்கள் குழு வந்தது. கையில் நோட்டோடு நீங்களும் வந்தீர்கள். முப்பத்தொரு வருஷமாக இங்கே கரும்பலகை துடைக்கிற மாமனாரைத் தெரியாதவர் மாதிரி நின்றீர்கள். உத்தியோகம் அப்படி, நான் தப்பாக நினைக்கவில்லை, மகளிடம் மட்டும் சொல்லிவைத்தேன். உங்கள் தலைவி அம்மா, "என்னென்ன கருவி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கூடத்தை நடத்துகிற எங்கள் பெரியவர், "சாக்பீஸ்" என்றார். "அப்புறம்?" "அழிக்கிற துணி." "அப்புறம்?" பெரியவர் ரொம்ப யோசித்து, "குப்பைக்கூடை" என்றார். படிவத்தில் 'இந்த ஆண்டு என்ன கண்டுபிடிப்பீர்கள்' என்ற இடத்தில் அவர் 'தெரிந்தால் இப்போதே சொல்லிவிடுவோமே' என்று எழுதிவைத்ததும் அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அறை அறையாகப் போனால் ஒருத்தர் மேஜைமேல் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார், ஒருத்தர் சுவரைப் பார்த்து நிற்கிறார், ஜன்னலம்மா வழக்கம்போல ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தலைவி அம்மா வணக்கம் சொன்னதற்கு, "ஏழுக்கு மேல போகாது" என்று பதில் சொன்னார். (நான் அப்படியா சொன்னேன் என்று இப்போது கேட்கிறார். நீ எழுதும்மா.) கடைசியில் தலைவி அம்மா என்னிடம் வந்து, "இவங்கல்லாம் நாள் பூரா என்னதான் செய்யறாங்க?" என்றார். நான் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தி, "சும்மா உட்கார்ந்திருப்பாங்கம்மா" என்றேன். உடனே உங்கள் பேனா ஓடியது. அன்றைக்கு அது ஓடியதே அப்போதுதான்.

அந்த வார்த்தையையே அறிக்கையில் போட்டுவிட்டீர்கள், திங்கட்கிழமை கையெழுத்தாகிறது என்று மகள் போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நிதி நின்றால் முதலில் போவது ஜன்னலம்மாவின் வேலை, இந்த மாசக் கடைசியோடு. (இதை எழுத மாட்டேன் என்கிறார். "எனக்காக நானே கெஞ்சற மாதிரி இருக்கு தாத்தா." "கெஞ்சறது நான், நீ வெறும் கை" என்றேன். எழுதுகிறார்.)

எனக்கு எழுத்து தெரியாது மாப்பிள்ளை, ஆனால் பார்த்தது மறக்காது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இங்கே மழைக்கோட்டுக்காரர் என்று ஒருத்தர் இருந்தார், வெயிலிலும் அதைக் கழற்ற மாட்டார். கதவிலிருந்து மூணாவது பலகையில் என்னவோ எழுதி, சுற்றிக் கட்டம் கட்டி, 'அழிக்காதே' என்று போட்டார். உருவத்தை வைத்து நான் அடையாளம் கண்டுகொள்கிற ஒரே வார்த்தை அது. பதினோரு மாசம் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். ஒருநாள், "அண்ணே, அழிச்சிடுங்க" என்றார். "முடிஞ்சுதா?" என்றேன். "தப்பு" என்றார். ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டார், பக்கத்துப் பலகையில் முதலிலிருந்து ஆரம்பித்தார். பதினோரு மாசத்தை அப்படி உதறிவிட்டு எழுந்திருக்க என்னால் ஆகாது. ஒரு சைக்கிளுக்காக நான் என் தம்பியோடு பத்தொன்பது வருஷம் பேசவில்லை. ஆறு வருஷம் கழித்து, அந்தத் தப்பு எந்த இடத்தில் தப்பானது என்று கேட்டுக் கடல் தாண்டி ஒருத்தர் வந்து, அதை வைத்துத் தன் கணக்கை முடித்துக்கொண்டு போனார். அன்றைக்கு மழைக்கோட்டுக்காரர் தன் கையால் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். உங்கள் கைப்பேசிக்குள் ரகசியம் காக்கிற ஒரு கணக்குப் பூட்டு இருக்கிறதாமே, அதுகூட இப்படி யாரோ எதற்கென்றே தெரியாமல் உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான் என்று பெரியவர் சொல்கிறார்.

நானும் இருந்து பார்த்தேன். ஒரு சாயங்காலம் ஜன்னலம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, கதவு என்கிற ஒன்றை மட்டும் நினைப்பது என்று முடிவு செய்தேன். கதவிலிருந்து கீலுக்குப் போனேன், கீலிலிருந்து எண்ணெய்க்கு, எண்ணெயிலிருந்து அதை இரவல் வாங்கிய பக்கத்து வீட்டுக்காரனுக்கு, அப்புறம் குறட்டைக்கு. மொத்தம் அஞ்சு நிமிஷம். இந்தப் பொண்ணு ஒரே ஒரு விஷயத்தை ரெண்டரை வருஷமாக, படியேறும்போதும் குடை பிடிக்கும்போதும், கீழே சிந்தாமல் தூக்கிக்கொண்டு நடக்கிறது.

ஆகவே அந்தச் 'சும்மா'வை அடித்துவிட்டு, 'கடுமையாக உழைக்கிறார்கள்' என்று போடவும். உங்கள் அலுவலகத்தில் பெரிய வார்த்தைக்கா பஞ்சம்.

நீங்கள் மேலும் மேலும் பதவி உயர்ந்து, நாலு பேர் முன்னால் என்னைத் தெரியும் என்று சொல்கிற உயரத்தையும் எட்ட வாழ்த்தும்,
மாமனார்.

பின்குறிப்பு: எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னேன். படித்துவிட்டு ஜன்னலம்மா, "கடுமையா உழைக்கிறோம்னு எல்லா ஆபீஸ்லயும்தான் போடறாங்க தாத்தா. நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சரி" என்கிறார். வேலை போகப்போகிறவரே சொன்ன பிறகு நான் யார். ஆகையால் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அந்த வார்த்தை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முன்னால் 'இன்னும் மூன்று வருஷத்துக்கு' என்று மட்டும் சேர்த்து, 'உட்கார்ந்திருப்பார்கள்' என்பதை 'உட்கார்ந்திருக்கட்டும்' என்று திருத்திவிடவும்.