ஹெல்மெட் போட்ட லட்சுமி

அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு ஆந்தையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது என்று என் அப்பா சுந்தரமூர்த்தி முடிவெடுத்தார். உயிருள்ள ஆந்தை இல்லை. பழைய கிரேக்க வெள்ளி நாணயத்தில் இருக்கிற ஆந்தை. அம்மாவுக்கு எல்லா ஆந்தையும் ஒன்றுதான். வீட்டுக்கு ஆகாது. மாட்டிக்கொண்டால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருந்தார்.

நான் அஸ்வினி. பள்ளிக்கூடம் முடித்தாயிற்று. அடுத்து என்ன என்று கேட்காதீர்கள், எரிச்சல் வரும். சும்மா இருக்கிறேன் என்று நாணயத்தைப் போட்டோ எடுக்கும் வேலை என் தலையில். பாட்டனி டவுன்ஸ் புறநகரில் எங்கள் வீட்டு கராஜில், வாஷிங் மெஷின் மேல் வைத்து எடுத்தோம். பிளாஷ் போட்டால் கறுத்த நாணயமும் வெறும் வெள்ளை வட்டம். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்ததும் நிழல் விழுந்தது. ஆந்தை கண்ணை உருட்டிக்கொண்டு எழுந்து வந்தது. தோளுக்குப் பக்கத்தில் ஆலிவ் இலை, குட்டிப் பிறை.

அழுக்குத் துணியோடு அம்மாவும் வந்தாள்.

“என்னங்க அது, ஆந்தையா?”

“மரகதம், இது லட்சுமியோட வாகனம். வடக்கே யாரை வேணா கேளு.” அப்பா நாணயத்தைத் திருப்பினார். “இந்தப் பக்கம் லட்சுமியே இருக்கா பாரு.”

“எதுக்கு ஹெல்மெட் போட்டிருக்கா?”

“கிரீடம்டி அது!”

எனக்கே வெட்கமாக இருந்தது. அம்மாவோ கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நாணயத்தைப் பறித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

“லட்சுமி இப்படியா கறுத்துக் கிடப்பா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கோட சேர்த்துப் புளி போட்டுத் தேய்ச்சிடறேன்.”

அப்பா குறுக்கே பாய்ந்தார். அந்தக் கறுப்பு இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாகப் படிந்தது. தேய்த்தால் நாணயத்தின் அழகும் போச்சு, மதிப்பும் போச்சு.

“தேய்க்காதே!”

“ஏன், லட்சுமிக்கு வலிக்குமா?” அம்மா புளியைக் கரைத்தாள். ஸ்கிரப்பரைக் கையில் எடுத்தாள்.

“ஐயோ, அது லட்சுமியே இல்ல! அதீனா! கிரேக்க சாமி! ஆந்தை அவளோடது!”

“அப்படி வாங்க வழிக்கு. என்ன சாமி?”

“அறிவுக்கும் அவதான். போருக்கும் அவதான்.”

அம்மா ஸ்கிரப்பரைக் கீழே வைத்தாள். “ஹெல்மெட்டைப் பார்த்தப்பவே தெரியும், நீங்க புளுகுறீங்கன்னு.”

“அப்ப குடு, கராஜுக்குக் கொண்டு போறேன்.”

“ரெண்டு டிபார்ட்மெண்டையும் ஒரே பொம்பளை பார்க்குறா. அவளைப் போய் கராஜ்ல வைக்கவா? சாமி ரூமுக்கு வரட்டும்.”

“ஆந்தை ஆகாதுன்னியே!”

“அது உங்ககிட்ட இருந்தா.”

இப்போது அப்பா தன் சொந்த நாணயத்தைப் போட்டோ எடுக்க வேண்டுமென்றால், முதலில் குளிக்க வேண்டும்.