முகாரி நானாவும் மோட்டார் கம்பெனியும்

ஒரு மோட்டார் கம்பெனிக்கு எத்தனை எதிரிகள் என்பதை முகாரி நானாவைப் போல் அலசி ஆராய்ந்தவர் இந்தப் பூமியில் கிடையாது. அவ்வளவையும் கார் வாங்க வந்தவரிடமே சொன்னவரும் கிடையாது.

இரத்தினபுரியில் ஒரு பெரிய சீமைக் கம்பெனியின் கார்க் கடை. கார் விற்பது அவர் வேலை. கணக்கு எழுதுவது என் வேலை. எதைப் பேசினாலும் இழவு வீட்டுக் குரலில் பேசுவதால் முகாரி என்று சோக ராகத்தின் பெயரை வைத்தவன் நான்தான்; நானா என்பது முஸ்லிம் அண்ணனை எங்கள் ஊரில் கூப்பிடும் முறை.

ரப்பர் விலை ஏறினால் டயர் விலை ஏறிவிடும், கம்பெனி போச்சு என்பார். சரி நானா, இறங்கினால்? ரப்பர் தோட்டத்துத் துரைமார் கையில் காசு இருக்காது, கார் யார் வாங்குவது, அப்போதும் கம்பெனி போச்சு. போட்டிக் கம்பெனிக்காரன் விலையைக் குறைத்தான் என்று ஒரு நாள் சோறே தின்னவில்லை. ஊருக்கு பஸ் வந்தபோது, இனிச் சொந்தக் கார் யாருக்கு வேண்டும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் மாட்டு வண்டி நின்றால் மாட்டை முறைப்பார். அதற்குப் பெற்றோல் வேண்டாமே என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

இந்த லட்சணத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, மாதம் முடிவதற்குள் ஒரு காராவது விற்காவிட்டால் கடைக்குப் பூட்டு, நீங்கள் இருவரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெய்வமே அனுப்பிய மாதிரி நிவித்திகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூலியாட்களுக்கெல்லாம் தலைவரான ஒரு பெரிய கங்காணி வந்தார். கோட்டு, கடுக்கன், தலைப்பாகை. அவரை நம்பித் தோட்டத்து வரிசை வீடுகளில் லயம் லயமாக ஜனங்கள். கடையிலேயே பெரிய காரைத் தடவிப் பார்த்து, "இதையே எடுத்துக்கிறேங்க" என்றார். வாயைத் திறக்கக் கூடாதென்று நானாவின் காலை மிதித்தேன்.

திறந்தார். உங்கள் துரை என்ன கார் வைத்திருக்கிறார் என்று விசாரித்தார். சின்னது, அதுவும் பழசு என்று கங்காணி பெருமையாகச் சிரித்தார். நானாவின் முகம் செத்துவிட்டது. துரையின் பங்களாவைத் தாண்டும்போது குடையை மடக்கி, குதிரையை விட்டு இறங்கி நடப்பது அந்தக் காலத்துத் தோட்ட வழக்கம்.

"பங்களாவுக்கு முன்னால எறங்கி நடக்கவா போறீங்க?" என்றார்.

கங்காணி யோசித்தார். "ஒக்காந்தே போனா என்னங்க ஆகும்?"

"தன்னய விட பெரிய காரா என்டு துரை பத்துச்சீட்டு தந்து வேலைய விட்டு நிப்பாட்டுவார். நீங்க வெளியேறினா ஒங்கட ஆக்களும் லயத்த விட்டுப் போகணும். இந்த மழைக்கு அந்தப் புள்ளைகள் எங்க போற? வாணாம்."

கங்காணி காரிலிருந்து கையை எடுத்தார். நானாவைக் கும்பிட்டுவிட்டு, வந்த வண்டியிலேயே ஏறிப் போனார்.

சொன்னபடி கடையைப் பூட்டினார்கள். நானா வாசலில் நின்று, கம்பெனி இனி என்ன பாடுபடுமோ என்று அதற்கும் வருந்தினார். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆசை தீரத் திட்டுவதற்காகத்தான் மழையில் அவர் வீடு வரைக்கும் கூடவே நடந்தேன். கடைசியில் திட்டாமலே திரும்பி வந்தேன்.

எனக்குப் பிறகு வேறு வேலைகள் கிடைத்தன. அந்த மாதிரி ஒரு மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பாக்கியம் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.