முகூர்த்த நாளில் பௌல் ஆட்டம்

பேரன்பிற்குரிய அண்ணன் வெண்டல் அவர்களுக்கு,

தம்பி ஹார்லன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் ரத்த அழுத்தம் நீங்கலாக.

என் மகள் கொரீனின் திருமணத்துக்கு டிசம்பர் இருபத்தெட்டைக் குறித்தவன் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு குறிக்கவில்லை. நமது கல்லூரிக் கால்பந்து அணியின் ஆட்டங்கள் முடியும்வரை காத்திருந்தேன். இந்த மாநிலத்தில் பொறுப்புள்ள எந்தத் தகப்பன் அதற்கு முன் நாள் குறிப்பான்? வருடக் கடைசியில் நடக்கும் பௌல் என்ற சிறப்பு ஆட்டத்துக்குப் போக ஆறு வெற்றி வேண்டும். நாம் பெற்றது ஐந்து. விதி தெளிவு என்று அன்றே தேவாலயத்தைப் பதிவு செய்தேன். ஆனால் இவ்வாண்டு ஆறு வென்ற அணிகள் போதவில்லையாம். காலியிடத்தை, ஐந்து வென்றவற்றுள் நன்றாகப் படிக்கும் அணிக்குத் தரலாம் என்று உபவிதி ஒன்று இருக்கிறதாம். நம் பையன்கள் படித்துத் தொலைத்திருக்கிறார்கள்! நீங்கள் அந்த அணியில் முட்டிமோதிய காலத்தில் யாருக்காவது இந்தக் கெட்ட பழக்கம் இருந்ததா? ஆட்டமும் அதே டிசம்பர் இருபத்தெட்டு. கேக் செய்பவர் ஆட்டத்துக்குப் போவதாகச் சொல்லி முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார், ஆர்கன் வாசிப்பவர் தொலைபேசியை எடுப்பதில்லை, என் இல்லத்தரசி மார்லிஸோ, "ரூல் புக்கத் தலைக்கு வெச்சுத் தூங்குனீங்களே, கடைசிப் பக்கத்தப் படிக்கலையா?" என்று காலைக் காபியோடு சேர்த்துத் தருகிறாள்.

இதையெல்லாம் தாங்கினேன். நீங்கள் தொலைபேசியில் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. "டேய் ஹார்லன், புள்ளைக்கு ஆசீர்வாதத்த போன்லயே சொல்லிடறேன்டா. நம்ம டீம் இன்னொரு தடவ பௌலுக்குப் போறப்ப நான் உசுரோட இருப்பேனா?"

"கொரீனுக்கும் ஒரே கல்யாணம்தானே அண்ணே?"

"அத யாருடா இப்பவே சொல்ல முடியும்?"

அண்ணா, உங்கள் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்து வளர்ந்தவள் அவள். தேவாலயத்து முன்வரிசையில் நீங்கள் இல்லாவிட்டால், அவள் கையைப் பிடித்து நடத்திவரும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பேன்? ஆகவே ஆட்டத்தைத் துறந்து திருமணத்துக்கு வருமாறு உரிமையோடு கோருகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம். தங்கள் இரு முழங்கால்களுக்கும் நீடித்த நலம் வேண்டும்,
தம்பி ஹார்லன்

பின்குறிப்பு: மேற்கண்ட அனைத்தும் ரத்து. உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கொரீன் வாங்கிப் படித்துவிட்டு, "அப்பா, பெரியப்பாவ ஏன் வம்புக்கு இழுக்கறீங்க? எனக்கும் ரஸ்டிக்கும் டிக்கெட் வேணும்னு நேத்து நான்தான் அழுதேன், எடுத்துக் குடுத்துட்டாரு" என்கிறாள். மாப்பிள்ளை ரஸ்டிக்கும் சம்மதமாம். போதகரிடம் ஏற்கெனவே டிக்கெட் இருக்கிறதாம். ஆட்டம் மாலையில், ஆகவே திருமணம் காலையில், மைதானத்து வாகன நிறுத்தத்தில், ரசிகர்கள் இறைச்சி சுடும் அடுப்புகளுக்கு நடுவே. அங்கே எத்தனை அடிக்குக் கூடாரம் போடலாம் என்று நான் விசாரித்தாயிற்று. உங்கள் பக்கத்து இருக்கை எனக்கு வேண்டும். நடுவர் தவறு செய்தாலும் எழுந்து நின்று விதியைச் சொல்ல மாட்டேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன். முதல் பாதிக்கு மட்டும்.